சார்ந்திருப்போர் குழி

வாரியக் குடியிருப்பில் எல்லாமே வாரியத்துக்குச் சொந்தம். கதவு, ஜன்னல், மின்விசிறி, குழாய், கட்டில், கட்டிலின் மேலே கிடக்கிற மெத்தை, எல்லாவற்றிலும் ஏதோ ஓர் ஓரத்தில் முத்திரை குத்தியிருக்கும். தூக்கம் மட்டும் தன்னுடையது என்று அங்கே குடியிருந்த பம்ப் ஆபரேட்டர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தான்.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஓடுகிற மோட்டாரை ஓட விட வேண்டும். நின்ற மோட்டார் ஏன் நின்றது என்று பார்க்க வேண்டும். யாரிடமும் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். மோட்டார் அறையில் பேசினால் எவருக்கும் கேட்காது, வெளியே வந்து பேசவோ அவனுக்குப் பழக்கமில்லை. உடம்பு மட்டும் கொஞ்சம் தாராளம். அவன் உட்கார்ந்தால் நாற்காலி ஒரு வார்த்தை சொல்லும்.

அவன் படுக்கிற பக்கம் மெத்தையில் ஒரு குழி இருந்தது. சாதாரணக் குழி இல்லை. தோளுக்கு ஒரு பள்ளம், இடுப்புக்கு ஒரு பள்ளம், முழங்கைக்குக்கூடச் சின்னதாக ஒன்று. அவனை இன்னொரு தடவை வார்த்தெடுக்க யாரோ செய்துவைத்த அச்சு மாதிரி இருந்தது. அதில் விழுந்த மாத்திரத்தில் தூங்கிவிடுவான். அந்த மெத்தையைப் பற்றி அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஒரு நாள் காலை, மனைவி தேநீர்க் கோப்பையை நீட்டும்போது அவள் உள்ளங்கையைப் பார்த்தான். குறுக்கே ஒரு சிவந்த தடம் ஓடியது.

"கையில என்ன?"

"கட்டில்."

"கட்டிலா?"

"மெத்தை உங்க பக்கம் சரியுதுல்ல. உருண்டு வந்துடாம இருக்க ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறேன். அந்த அச்சு."

"எப்பலேர்ந்து?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்கு நல்லாத் தூக்கம் வர ஆரம்பிச்சதுலேர்ந்து" என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். அங்கே வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, விற்கிறவருக்கு இல்லை. பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, கூட்டமான பேருந்தின் படிக்கட்டில் தொங்குகிறவள் மாதிரி கட்டிலில் தொங்கியிருக்கிறாள். பக்கத்திலேயே கிடந்த அவன் குறட்டை விட்டிருக்கிறான்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். மெத்தையை மாற்றிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். மெத்தை மாற்றுவது ஒரு வேலையா என்றுகூட நினைத்தான்.

கடையில் வாங்கிப் போட்டுவிடலாம் என்றால் அதற்கு வழியில்லை. வெளி மெத்தை குடியிருப்புக்குள் வந்தால் அது விருந்தாளி என்பது வாரியத்தின் விதி. விருந்தாளி மாதிரி வரலாம், விருந்தாளி மாதிரியே கிளம்பிவிட வேண்டும். மேல்வீட்டு வால்வுகாரர் ஒரு தடவை ஆசைப்பட்டு ஃபோம் மெத்தை வாங்கினார். வாரக் கடைசியில் வாரியத்து ஆட்கள் வந்து கதவைத் தட்டி, "விருந்தாளி இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது மரியாதைக்குக் கும்பிட்டும் வைத்தார்கள்.

ஆகவே அவன் வாரிய அலுவலகத்துக்குப் போனான். மெத்தை துணிப் பிரிவைச் சேர்ந்தது என்றும், கட்டில் மரப் பிரிவைச் சேர்ந்தது என்றும், இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டான். இதையெல்லாம் அவனுக்குச் சொன்னவர் இரண்டு பிரிவுக்கும் பொதுவான எழுத்தர். அவருக்கு அலுவலகத்தில் 'ரகசியம்' என்று பெயர். மணி என்ன என்று கேட்டாலும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோடு சொல்வார்.

"மெத்தையில குழின்னு துணிப் பிரிவுல சொன்னா, கட்டில் வளைஞ்சிருக்கும்பாங்க. கட்டில் வளைஞ்சிருக்குன்னு மரப் பிரிவுல சொன்னா, மெத்தை அழுத்தியிருக்கும்பாங்க. அதனால நீங்க ரெண்டையும் சொல்லாதீங்க" என்றார் ரகசியம்.

"பின்ன என்ன சொல்றது?"

"தூக்கத்துல ஒரு தகராறுன்னு சொல்லுங்க. கூட்டுக்குழு வரும்."

கூட்டுக்குழு வந்தது. மனைவி கடைக்குப் போயிருந்த முற்பகல் அது. துணிப் பிரிவு மேற்பார்வையாளர் முன்கதவு வழியாகவும், மரப் பிரிவு மேற்பார்வையாளர் பின்கதவு வழியாகவும் உள்ளே வந்தார்கள். குழுவின் தலைவருக்காக இரண்டு கதவும் திறந்தே இருந்தன. அவர் எந்தக் கதவு என்று கொஞ்ச நேரம் வாசலில் நின்று யோசித்துவிட்டு, முன்கதவு வழியாகவே வந்தார். ரகசியம் கடைசியாக, யாருக்கும் தெரியாமல் வருகிறவர் மாதிரி வந்தார்.

படுக்கை அறை சின்னது. நாலு பேரும் கட்டிலைச் சுற்றி, அதில் யாரோ உடம்பு சரியில்லாமல் கிடப்பதுபோல நின்றார்கள். தலைவர் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து மெத்தையின் தலைமாட்டில் வைத்தார். பந்து யோசிக்காமல் உருண்டு குழியில் போய் உட்கார்ந்தது. கால்மாட்டில் வைத்தார். அங்கிருந்தும் குழிக்கே போயிற்று. மனைவி படுக்கிற ஓரத்தில் வைத்தார். பந்து அங்கிருந்து இன்னும் வேகமாக ஓடியது. பம்ப் ஆபரேட்டர் அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குழி இருக்கு" என்றார் தலைவர்.

மெத்தையைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் பார்த்தார்கள். கட்டிலின் குறுக்கே போட்டிருந்த ரீப்பர் கட்டைகளில் இரண்டு, அவன் பக்கம், வில் மாதிரி வளைந்து கிடந்தன.

"ரீப்பர் வளைஞ்சதால மெத்தை குழிஞ்சிருக்கு" என்று துணிப் பிரிவு மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மெத்தை குழிஞ்சதாலதான் ரீப்பர் வளைஞ்சிருக்கு. மரத்துக்குத் தானா வளையற புத்தி கிடையாதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று மரப் பிரிவு மேற்பார்வையாளர் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

"துணிக்கு மட்டும் அந்தப் புத்தி இருக்கான்னு கேளுங்க."

பம்ப் ஆபரேட்டர் தயங்கித் தயங்கி, "ரெண்டையும் மாத்திட்டா சரியாப் போயிடும்ல சார்" என்றான்.

அறையில் யாரோ கெட்ட வார்த்தை பேசிய மாதிரி எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"தம்பி, வாரியம் உங்களுக்குத் தண்ணி குடுக்குது. வீடு குடுக்குது. ராத்திரியானா தூக்கம் குடுக்குது. நான் கணக்குச் சொல்லிக் காட்டல. ஆனா மாத்துங்கறீங்களே, அந்த வார்த்தைதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நான் இந்தப் பொறுப்புக்கு வந்ததுலேர்ந்து ஒரு மெத்தைகூட மாத்தினதில்ல. ஒண்ணுகூட. அவ்வளவு நல்லாப் பராமரிச்சிட்டு வர்றோம். புது மெத்தையெல்லாம் கிடங்குல பிரிக்காமக் கிடக்கு, போய்ப் பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம். ஒருத்தர் படுத்து அழுக்காக்கல."

பம்ப் ஆபரேட்டருக்குத் தன் உடம்பைப் பற்றி வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் வாரியத்தின் மெத்தைமேல் இப்படியா அலட்சியமாகப் படுத்தோம் என்று தோன்றிவிட்டது.

"இப்ப ஒரே கேள்விதான். குழி யாரோடது?" என்றார் தலைவர்.

பதில் சொல்வதற்குள் ரகசியம் அவனைத் தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"அவசரப்பட்டு என்னோடதுன்னு சொல்லிடாதீங்க. ஊழியர் குழின்னா முறைகேடு. பதவி உயர்வு அதோட நின்னுடும், மெத்தையும் கிடைக்காது. சார்ந்திருப்போர் குழின்னா குடும்பத் தேய்மானம். புது மெத்தை வந்துடும்."

"சார்ந்திருப்போர்னா?"

"வீட்ல யார் இருக்கா?"

"மனைவி மட்டும்தான்."

"அவங்கதான்."

அவளுடைய சம்பளத்தில்தான் பாதிக் குடும்பம் ஓடுகிறது. ஆனால் வாரியத்தின் கண்ணில் அவள் சார்ந்திருப்பவள். அதைக்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அவ என்னில பாதிகூட இருக்க மாட்டா சார். யார் நம்புவாங்க?"

"குழிக்கும் எடைக்கும் என்ன சார் சம்பந்தம்? விதியில எடைங்கற வார்த்தையே கிடையாது."

அவன் அந்தச் சிவந்த தடத்தை நினைத்தான். அவளுக்காகத்தானே என்று நினைத்தான். ஒரு பொய், அதற்குப் பிறகு அவள் பிடியை விட்டுவிட்டுத் தூங்கலாம். இப்படியெல்லாம் நினைத்தபோதே, பதவி உயர்வு என்ற சொல்லும் மூலையில் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்ததை அவன் பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

திரும்ப வந்து, "அது என் மனைவி படுக்கற பக்கம் சார்" என்றான்.

ஒரே நொடியில் அந்தச் சின்ன அறைக்கு வெளிச்சம் வந்துவிட்டது. மெத்தைமேல் தப்பில்லை, கட்டில்மேல் தப்பில்லை, ஊழியர்மேலும் இல்லை. துணிப் பிரிவும் மரப் பிரிவும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மற்றவரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். கிளம்பும்போது இருவரும் ஒரே கதவு வழியாகப் போனார்கள்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரமத்தை வாரியமே எடுத்துக்கொண்டது. ஒரு மாலை, அவள் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் சேவகர் வந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

"குழி உண்டாக்கிய சார்ந்திருப்போர் வீட்ல இருக்காங்களா?"

அவள் ஈர முகத்தோடு வந்தாள். "யாரைக் கேக்கறீங்க?"

"உங்களைத்தாம்மா. நாளைக்கு வாரியத்துக்கு வந்து உங்க குழியில ஒரு தடவை படுத்துக் காட்டணும். மெத்தையை நாங்களே எடுத்துட்டுப் போயிடறோம்."

மெத்தை படியிறங்கிப் போன பிறகு அவள் வெறும் கட்டிலின்மேல் உட்கார்ந்தாள்.

"என் குழியா?"

"பேருக்குத்தான்" என்றான் அவன்.

"யார் பேருக்கு?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். கேக்காம குடுத்துட்டீங்க பாருங்க."

திட்டாமல் எழுந்து போய் அரிசி களைந்தாள். அது அவன் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் வாரியக் கூடத்தின் நடுவில் மெத்தை கிடந்தது. சுற்றிலும் நாற்காலி போட்டுக் குழு உட்கார்ந்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, குழியில் படுத்தாள். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி இருந்தது. தோள் பள்ளத்துக்கும் அவள் தோளுக்கும் நடுவில் இன்னொருவர் படுக்கலாம். அதைவிட, படுத்தவுடனே அவள் கை தானாகவே நீண்டு, இல்லாத கட்டிலின் விளிம்பைத் தேடியது. தரையைத் தடவிப் பார்த்துவிட்டு வெறுமனே மூடிக்கொண்டது.

அதை அவன் மட்டும் பார்த்தான்.

தலைவர் எழுந்து ஒரு சுற்று நடந்து பார்த்தார். "நல்லாப் பொருந்துது. உங்க குழிதானேம்மா?"

அவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா சார். எனக்குக் கொஞ்சம் கனமான தூக்கம்."

குழு சிரித்தது. பம்ப் ஆபரேட்டர் சிரிக்கவில்லை. எழுந்து அது தன்னுடையது என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். மோட்டார் அறையில் பேசுகிற மாதிரி ஏதோ உதடு மட்டும் அசைந்தது.

புது மெத்தையைத் தேர்ந்தெடுக்க அவனைக் கிடங்குக்குக் கூப்பிட்டார்கள். குழி உண்டாக்கியவருக்குத் தேர்வு செய்யும் உரிமை கிடையாது என்பதால் அவள் வெளியே மரத்தடியில் நிற்க வேண்டியிருந்தது. கிடங்குக்காரர் மூன்று மாதிரித் துண்டுகளை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றும் கைக்குட்டை அளவு. இறுக்கம், நடுத்தரம், மெத்து.

"படுத்துப் பார்க்க வேண்டாமா?"

"தாராளமா. எந்த உறுப்பு இதுல கொள்ளுதோ அதைப் படுக்க வெச்சுப் பாருங்க."

அவன் கன்னத்தை வைத்துப் பார்த்தான். இடுப்புவலிக்கு இறுக்கமானதுதான் நல்லது என்று அவள் கடைக்கு வருகிற மருத்துவர்கள் சொல்வதாக ஒரு தடவை சொல்லியிருந்தாள். தனக்குப் பிடித்தது மெத்துதான். ஆனாலும் இறுக்கமானதைத் தொட்டுக் காட்டினான். பல நாளாகத் தான் செய்த ஒரே யோக்கியமான காரியம் அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

"நல்ல தேர்வு" என்றார் கிடங்குக்காரர். "அது இருப்புல இல்ல. மெத்துதான் இருக்கு."

"அப்புறம் எதுக்குச் சார் மூணு மாதிரி?"

"தேர்வுன்னு ஒண்ணு வேணும்ல."

மெத்தென்ற புது மெத்தை வந்து பழைய கட்டிலில் ஏறியது. வளைந்த ரீப்பர்கள் வளைந்தபடியே இருந்தன. மரப் பிரிவில் கேட்டதற்கு, கட்டில் குற்றமற்றது என்று தீர்ப்பாகிவிட்டது, குற்றமற்றதைக் கழற்றுவது அதை அவமானப்படுத்துவது என்றார்கள். தானே இரண்டு கட்டை வாங்கி அடித்துவிடலாம் என்று அவன் சுத்தியலோடு கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தான். குறுக்கே நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். தொட்டால் சாட்சியத்தைக் கலைத்ததாக ஆகும்.

அங்கே புழுதியில் மல்லாந்து கிடந்து அந்த இரண்டு கட்டைகளையும் பார்த்தான். அவன் உடம்பின் பாரம் முழுவதையும் இவ்வளவு நாள் தாங்கி வளைந்தவை. புது மெத்தை இன்னும் கொஞ்ச நாளில் அவற்றைப் பார்த்துத் தானும் கற்றுக்கொண்டுவிடும்.

கற்றுக்கொண்டது. முதலில் இடுப்பு, பிறகு தோள். அவன் தரையில் படுக்க ஆரம்பித்தான்.

"இது எதுக்கு?" என்றாள் அவள் மேலேயிருந்து.

"குழி ஆழமாயிடக் கூடாதுல்ல."

"மேல வந்து படுங்க. கீழ படுத்துக்கிட்டா எல்லாம் கழுவிப் போயிடும்னு நினைப்பா?"

அவன் மேலே ஏறி, அவளைப்போலவே தன் பக்கத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அவனுக்குக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வந்துவிடும், பிடி விட்டுப்போகும், குழிக்குள் போய்விடுவான். காலையில் எழுந்து பார்த்தால் அவள் கை மட்டும் சட்டத்தில் இருக்கும்.

இதற்கிடையில் அவள் சனிக்கிழமைதோறும் பயிற்சிக்குப் போய்வந்தாள். குழி உண்டாக்கிய சார்ந்திருப்போர் எல்லோரும் முறையாகப் படுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதற்காக மருந்துக்கடையில் அரை நாள் சம்பளத்தை விட்டாள். அங்கே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று அவன் கேட்டான்.

"படுக்கத்தான்."

"எப்படி?"

"கனமில்லாம."

ஒரு நாள் ரகசியம் மோட்டார் அறைக்கே வந்தார். அங்கே அவர் முதல் தடவையாக வாய்விட்டுக் கத்த வேண்டியிருந்தது. "வருஷாந்தரச் சோதனை வருது. புது மெத்தையிலயும் குழின்னு கேள்விப்பட்டேன். ரெண்டாவது குழின்னா சார்ந்திருப்போருக்குப் படுக்கை உரிமை போயிடும். உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க கட்டில்லயே படுக்கலாம். அவங்க மட்டும் தரையில."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை அப்படியே விட்டுவிட்டு, கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் தலைவரின் அறைக்குப் போனான்.

"சார், முதல் குழி என்னோடது. ரெண்டாவதும் என்னோடதுதான்."

தலைவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு மிகவும் அன்பாகப் பேசினார்.

"தம்பி, ஊழியர்கள் குழி உண்டாக்கறதில்ல. இந்த வாரியத்துல இதுவரைக்கும் ஊழியர் குழின்னு ஒண்ணே ஒண்ணு பதிவானதில்ல. ஏன் தெரியுமா? குழி விழுந்தா அவன் நல்லாத் தூங்கறான்னு அர்த்தம். நல்லாத் தூங்கறவன் நிம்மதியா இருக்கான்னு அர்த்தம். வாரியத்துல நிம்மதியா ஒருத்தன் இருக்கான்னு வெளிய தெரிஞ்சா, அவனுக்கு வேலையே இல்லன்னு சொல்லிடுவாங்க. நாளைக்கு என்னையும் கேப்பாங்க. எங்க வீட்லயும் ஒரு குழி இருக்கு. நான் வாயைத் திறந்தேனா?"

"அது யாரோட குழி சார்?"

தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "தீர்ப்பாயிடுச்சு" என்றார். "குழி ஒருத்தர் பேர்லேர்ந்து இன்னொருத்தர் பேருக்கு மாத்தித் தர்றதில்ல. போங்க, மோட்டார் ஓடுது."

அந்தச் சனிக்கிழமை அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு மனைவியோடு கிளம்பினான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பயிற்சி நிலையம் வாரியத்தின் பழைய கிடங்குக்குப் பின்னால் இருந்த நீளமான கூடம். அவளை வாசலில் விட்டுவிட்டு அவன் ஜன்னலோரம் நின்றான்.

உள்ளே வரிசையாகத் தட்டையான மெத்தைகள். அவற்றின்மேல் வாரிய ஊழியர்களின் மனைவிமார், அம்மாமார், மாமியார்மார், கல்யாணமாகாத ஒரு தங்கை. எல்லோரும் ஒல்லியாக, களைத்துப் போய், மூச்சை அளந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். பாதிப் பேரின் கை ஒரு பக்கமாக நீண்டு எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தது. வால்வுகாரரின் மனைவி இருந்தாள். ரகசியத்தின் அம்மா இருந்தாள். அவள் மட்டும் கணீரென்ற குரலில் பேசிக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் இருந்த அம்மாளைப் பயிற்சியாளர் மற்றவர்களுக்குச் சுட்டிக் காட்டினார்.

"தலைவர் வீட்டம்மாவைப் பாருங்க. நம்ம மூத்த மாணவி. எவ்வளவு இலேசா இருக்காங்க. மெத்தைக்கு இவங்க வந்ததே தெரியாது."

கூடத்தின் நடுவில், சற்று உயரமான மேடையில், எப்படிப் படுக்கக் கூடாது என்று காட்டுவதற்காக ஒரு பழைய மெத்தையை வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் ஒரு குச்சியால் அதன் பள்ளங்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இது தோள். இது இடுப்பு. இங்க பாருங்க, முழங்கைக்குக்கூட ஒண்ணு. எவ்வளவு அலட்சியம் இருந்தா இப்படிப் படுத்திருப்பாங்க." பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவன் மனைவியும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் வந்து சொன்னதில்லை.

அவன் உள்ளே போனான்.

"சார், பார்வையாளருக்கு அனுமதி இல்ல" என்றார் பயிற்சியாளர்.

அவன் செருப்பைக் கழற்றினான். மேடையில் ஏறினான். பேச வேண்டும் என்றுதான் வந்தான், வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தான். ஆனால் அவனுக்குப் பேச்சு எப்போது வந்தது. பக்கவாட்டில் திரும்பி, குழியில் படுத்தான்.

தோள் அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. இடுப்பு அதன் இடத்துக்குப் போயிற்று. கடைசியாக முழங்கையும். ஒரு மூடி அதன் டப்பாவில் உட்காருகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம்கூடக் கேட்டது என்று பிறகு வால்வுகாரரின் மனைவி எல்லோரிடமும் சொன்னாள்.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து மேடையைச் சுற்றி வந்து நின்றார்கள். ரகசியத்தின் அம்மா குனிந்து முழங்கைப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள். இடைவெளியே இல்லை. 

"இது யாரும்மா?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவன் மனைவி.

"நல்லாத்தான் பொருந்துது."

தலைவர் வீட்டம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யாரிடமும் சொல்லாத மாதிரி, "எங்க வீட்டுக்காரரையும் ஒரு நாள் கூட்டிட்டு வரணும்" என்றாள்.

பயிற்சியாளர் குச்சியைக் கீழே வைத்தார். "சார், தயவுசெஞ்சு எழுந்திருங்க. ஊழியர் இதுல படுத்தா நான் என்னன்னு சொல்லுவேன்? விதியில இதுக்கு வார்த்தையே இல்ல."

அவன் எழுந்திருக்கவில்லை. மனைவியைப் பார்த்தான். திட்டுவாள் என்று நினைத்தான். சிரித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தான். அவள் இரண்டும் செய்யவில்லை. மேடையில் அவன் கிடக்கிற கோலத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். தரைவிரிப்பு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. பிறகு தன் மெத்தைக்குத் திரும்பிப் போனாள். அது தட்டையானது. எந்தப் பக்கமும் சரியாது. பக்கத்தில் யாரும் இல்லை.

அவள் நடுவில் படுத்தாள். இடுப்பை மெதுவாக நீட்டினாள். பழக்கத்தில் வலது கை ஓரத்துக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பிடி தளர்ந்து, உள்ளங்கை மேலே பார்க்கத் திறந்துகொண்டது. அந்தத் தடம் மேடையிலிருந்தே தெரிந்தது.

மூச்சு சீரானது. சற்று நேரத்தில், சின்னதாக, வாரியம் நிச்சயம் அனுமதிக்காத ஒரு குறட்டை.

மற்றவர்கள் சத்தமில்லாமல் அவரவர் இடத்துக்குப் போனார்கள். வகுப்பு முடிகிற நேரம் வந்தது, போயிற்று. குழிக்குள் கிடந்தவனுக்கு அந்த இடத்தில் எப்போதும் வருகிற தூக்கம் வரவில்லை. தோள் மரத்துப் போயிற்று. புரண்டால் மேடை முனகும் என்று புரளாமல் இருந்தான்.

பயிற்சியாளர் ஓசைப்படாமல் வந்து குனிந்தார். "எப்பதான் சார் எழுந்திருப்பீங்க?"

"மெதுவாப் பேசுங்க" என்றான் அவன். "அவ எழுந்ததும்."